மூன்று வினாடிப் பெயர்

என் தங்கை லவெர்ன் சிறைக்குப் போன பிறகு அவளுக்குத் தினம் ஒரு பெயர். திங்கட்கிழமை அவள் பெயர் "கணக்குப்பரீட்சைஎப்படிஎழுதினே". செவ்வாய்க்கிழமை "பெரிம்மாகிட்டஅடம்புடிக்காதே". சிறையிலிருந்து ஃபோன் வந்தால் எடுத்ததும் ஓர் இயந்திரக் குரல்தான் பேசும். "சிறையிலிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பு, அழைப்பவர் பெயர்" என்று சொல்லி நிறுத்தும். அந்த இடைவெளியில் உள்ளே இருப்பவர் தன் பெயரைச் சொல்லி வைத்திருப்பார். மூன்று வினாடி. அதற்குப் பிறகு, கட்டணத்தை ஏற்றுக்கொள்வதானால் பூஜ்யத்தை அமுக்கச் சொல்லும். அமுக்கினால் மீட்டர் ஓடும். அமுக்காவிட்டால் ஒரு காசு கிடையாது.

அந்த இலவசமான மூன்று வினாடியில்தான் லவெர்ன் பதினான்கு மாதம் தன் மகளை வளர்த்தாள். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கோர்ட்டிலும் சிலர் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

என் பெயர் ஐனெஸ். அலபாமாவில் மொபீல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. லவெர்ன் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். வேலை பார்த்த கடையின் செக்குகளில் முதலாளியின் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுத்தாள். வீட்டு வாடகைக்குத்தான் எடுத்தாள் என்றாலும் செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஐந்து வருஷம் போட்டார்கள். அவள் புருஷன் அதற்கு முன்பே லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே பெண் ஷமாரி, அப்போது எட்டு வயது, என்னிடம் வந்தாள்.

முதல் இரண்டு மாதம் எனக்கு விவரம் தெரியாது. தினமும் பூஜ்யத்தை அமுக்கினேன். தாயும் மகளும் பதினைந்து நிமிஷம் பேசுவதற்கு நான் இரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. அதே ஃபோனில் நான் பக்கத்து மாநிலத்துக்குப் பேசினால் சில்லறைக் காசுதான் ஆகும். சிறைக்குள்ளே ஒரே ஒரு கம்பெனிதான் ஃபோன் வைத்திருக்கிறது, வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. கேட்க ஆளில்லாதவர்களிடம் கேட்ட விலை. பில் வந்தபோது பாதிதான் கட்ட முடிந்தது. லைனை வெட்டிவிட்டார்கள்.

மூன்று வாரம் செத்த ஃபோனுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் தினமும் அம்மா கூப்பிடும் நேரமான சாயங்காலம் ஆறு பத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கமாட்டாள். சும்மா உட்கார்வாள். அழுதிருந்தால்கூட ஒரு அதட்டுப் போட்டிருப்பேன்.

பாக்கியைக் கட்டி லைனை மீட்ட வாரம், நானும் ஷமாரியும் சர்ச் வேனில் நான்கு மணி நேரம் வடக்கே போய் லவெர்னைப் பார்த்தோம். பார்வையாளர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் தலை நிறைய முடி சுருட்டும் இளஞ்சிவப்புச் சுருள்களோடு வந்திருந்தாள். நான் பில்லைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டுவிட்டுத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்க்கா, உனக்கு யாரும் அந்தப் பேரு விஷயம் சொல்லலியா?" என்றாள். "பேரு சொல்ற இடத்துல பேரு எதுக்கு சொல்லணும்? உன் தங்கச்சி குரல் உனக்குத் தெரியாதா?"

அப்புறம் குரலைத் தாழ்த்தி, இதை வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கம்பெனிக்குத் தெரிந்தால் லைனையே நிறுத்திவிடுவான் என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் தலையாட்டினார்கள். அங்கே எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. அன்றைக்கே லவெர்னிடம் பேசி வைத்துக்கொண்டோம், அதுதான் எங்கள் கடைசிப் பயணம். அந்த வேன் மறு மாதமே ஓட்ட ஆளில்லாமல் நின்றுபோனது. என் காரோ அதற்கு முன்பே உயிரை விட்டிருந்தது.

அந்தப் பாக்கிக்காகக் கூடுதல் நேரம் கேட்டு வாங்கியதில், அப்போது முதல் எனக்கு ஏழு மணி வரை வேலை. அதனால் ஆறு பத்து அழைப்பை, யாரும் எடுக்காதபோது தானே எடுத்துப் பேச்சைப் பிடித்து வைக்கும் பதிவு மிஷின்தான் எடுக்கும். எங்கள் மிஷினில் வணக்கம், நல்வரவு எதுவும் கிடையாது. கீச்சென்று ஒரு சத்தம், உடனே உள்ளே இருக்கும் சின்ன டேப் சுற்ற ஆரம்பிக்கும். ஷமாரி பக்கத்தில் நின்று கேட்பாள். ரிசீவரைத் தொடக்கூடாது என்பது என் சட்டம். சின்னப் பெண், ஆசையில் பூஜ்யத்தை அமுக்கிவிட்டால்? கேட்டு முடித்ததும் டேப்பைத் திருப்பி அதன் மேலேயே பதிய வேண்டும் என்பதும் என் சட்டம். ஆனால் அந்தப் பெண் கைக்காசில் டாலர் கடையில் புது டேப்பாக வாங்கி வந்தாள். பிடித்துத் திட்டினேன். "காசு மரத்துல காய்க்குதா? கேட்டாச்சுல்ல, அப்புறம் எதுக்கு?" என்றேன். அதற்குப் பிறகு டேப்பை என் கண்ணில் காட்டியதில்லை. வாங்குவதை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

மிஷினும் சரியில்லை. வேலையிடத்திலிருந்து நான் வீட்டுக்கு ஃபோன் செய்தால் ஒரு நாள் இரண்டாவது மணியில் எடுக்கும், இன்னொரு நாள் நான்கு மணி அடித்துச் சாவகாசமாக எடுக்கும். ஓசியில் வந்த மிஷின் அப்படித்தான் இருக்கும் என்று அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் க்ளிஃப்டனிடமிருந்து கோர்ட் நோட்டீஸ் வந்தது.

க்ளிஃப்டன், செத்துப்போனானே லவெர்னின் புருஷன், அவனுக்கு அண்ணன். அட்லாண்டாவில் பெரிய வீடு. பிள்ளை இல்லை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வருஷா வருஷம் ஷமாரிக்கு உடுப்பு அனுப்புவார், அளவு எப்போதும் சின்னதாக இருக்கும். நோட்டீஸில் எழுதியிருந்தது இதுதான்: தாய் ஆறு மாதத்துக்கு மேலாகக் குழந்தையோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை, குழந்தையைக் கைவிட்டுவிட்டாள், ஆகவே அவளுடைய தாயுரிமையை ரத்து செய்து குழந்தையைத் தனக்குத் தத்துக் கொடுக்க வேண்டும். அப்படி ஆகிவிட்டால் லவெர்ன் வெளியே வந்த பிறகும் ஷமாரிக்கு அவள் யாரோ. வழியில் பார்த்தால்கூடப் பேச உரிமையில்லை.

இலவச சட்ட உதவி அலுவலகத்தில் பெட்வே என்ற வக்கீலைக் கொடுத்தார்கள். கசங்கிய கோட்டும் நல்ல மனசும் உள்ள மனிதர். தாய் கடிதம் எழுதுவாளா என்று கேட்டார். அடுத்தவன் கையெழுத்தை அச்சு அசலாகப் போடுகிறவளுக்குத் தன் கையால் நாலு வரி எழுத வராது. வாழ்த்து அட்டை இரண்டு இருந்தது, அவ்வளவுதான். ஃபோனில் பேசுவார்களா என்று கேட்டார். தினமும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எப்படி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாய் திறந்தால் லைன் போய்விடும் என்று அந்த வரிசையில் நின்ற பெண்கள் சொன்னது மனசில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. வக்கீலிடமும் மறைக்க வேண்டுமா என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை விசாரணை. நீதிபதி ஓகில்பி என்றொரு அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ஷமாரியை வெளியே பெஞ்சில் ஒரு காவல்கார அம்மாவோடு உட்கார வைத்திருந்தார்கள். பெட்வே எழுந்து, தாயும் மகளும் தினமும் தொலைபேசியில் பேசுகிறார்கள் என்று தெம்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

க்ளிஃப்டனின் வக்கீல் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். ஃபோன் கம்பெனியிடமிருந்து வாங்கிய பட்டியலை எடுத்தார். ஒரு கட்டுக் காகிதம். பதினான்கு மாதத்தில் இந்தச் சிறையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த அழைப்புகள் நானூற்றுப் பதினெட்டு, ஏற்கப்பட்டவை பூஜ்யம் என்று வாசித்தார். பெற்ற தாய் நானூற்றுப் பதினெட்டு முறை கூப்பிட்டிருக்கிறாள், இந்தப் பெரியம்மா ஒரு முறைகூடக் குழந்தையிடம் ஃபோனைக் கொடுக்கவில்லை, யார் தப்பானால் என்ன, தாய்க்கும் மகளுக்கும் ஒரு வார்த்தை பரிமாறப்படவில்லை என்று முடித்தார். பெட்வே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மிச்சம் பிடிக்கிறேன் என்று நானே என் தங்கையின் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனா? அந்த நினைப்பு வந்த உடனே எழுந்துவிட்டேன். உட்காருங்கள் என்று பெட்வே என் உடுப்பைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை.

"அம்மா, நான் சொல்லணும்," என்றேன் நீதிபதியிடம். "லைன் போனா போகட்டும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், மூன்று வினாடி, பூஜ்யம், பில், செத்த ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தை. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எதிர்வக்கீல் சிரித்துக்கொண்டே, அப்படியானால் பதினான்கு மாதமாகக் கம்பெனியை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றார்.

"ஏமாத்தினது நானா, சார்? குழந்தைகிட்ட குட்நைட் சொல்றதுக்கு ரெண்டு மணி நேரக் கூலிய புடுங்கறவன விட்டுட்டு, மூணு செகண்ட் கேட்டவள புடிக்கிறீங்க."

நீதிபதி சுத்தியலால் தட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது, ஆதாரம் உண்டா என்று கேட்டார். டேப்பின் மேலேயே டேப் பதிகிறவளிடம் என்ன ஆதாரம் இருக்கும்? நேற்றைய பேச்சு ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் சாப்பாட்டு இடைவேளை விட்டு, இரண்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

வெளியே பெஞ்சில் ஷமாரியிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அவள் வாழ்க்கைதானே. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெரிம்மா, திட்டமாட்டேன்னு சொல்லுங்க."

"என்னடி?"

"டேப் எல்லாம் இருக்கு. குளிர்கால பூட்ஸ் டப்பாவுல. ஒண்ணுகூட அழிக்கல."

கோர்ட்டிலிருந்து என் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மொபீல் பஸ் எந்த லட்சணத்தில் ஓடும் என்பது ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். முதல் பஸ்ஸில் ஏறினேன், இரண்டாவது வரவே இல்லை. மிச்ச தூரத்தை ஆகஸ்ட் வெயிலில் நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வேறு பேச்சுக் கேட்காது. அலமாரிக்கு அடியில் பூட்ஸ் டப்பா இருந்தது. உள்ளே பதினேழு சின்ன டேப், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று தேதி. எனக்குக் கண்ணைக் கரித்தது, நின்று அழ நேரமில்லை. மிஷினைப் பிடுங்கித் துணிக்கூடையில் போட்டு, டப்பாவை அதன் மேல் வைத்து, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு மீன் லாரிக்காரன் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டான். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வேர்வையும் மீன் நாற்றமுமாக கோர்ட் வாசலில் இறங்கினேன்.

நீதிபதி எங்களைத் தன் அறைக்கே கூப்பிட்டார். இரண்டு வக்கீல்கள், க்ளிஃப்டன், நான், ஷமாரி. மிஷினை அவருடைய மேஜை மேல் வைத்து மாட்டினேன். ஷமாரி கைக்குக் கிடைத்த டேப்பைப் போட்டாள்.

இயந்திரக் குரல் பேசியது, நிறுத்தியது. உடனே லவெர்ன்: "பல்விழுந்துச்சாதலைகாணிக்குக்கீழவை". மறுபடியும் இயந்திரம். "சளிபுடிச்சிருந்தாஎலுமிச்சைகுடி". மறுபடியும். "இன்னிக்குமழைஉன்னைநெனச்சேன்". சில நாள் மூச்சு முட்டிப் பாதியில் அறுந்துபோகும். சில நாள் பாட்டில் ஒரு அடி. எதிர்வக்கீல் முதல் பத்து வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ, லவெர்னின் குரல், "பெரிப்பாஅனுப்பினசட்டைக்குநன்றிசொன்னியா" என்றது.

க்ளிஃப்டன் தலை நிமிர்ந்தது. போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஷமாரி அட்லாண்டாவுக்கு ஃபோன் பண்ணி நன்றி சொன்னதை நானும் அறிவேன். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தானே நல்ல புத்தி வந்தது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

ஆனாலும் நீதிபதி விடவில்லை. தாய் பேசுகிறாள், சரி, குழந்தை பதில் சொல்லவே வழியில்லையே, ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது தொடர்பு ஆகுமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அந்தக் கம்பெனிப் பட்டியலைப் புரட்டினார். அதில் மணி எத்தனை வினாடி அடித்தது என்று ஒரு கட்டம் இருந்தது. காலையில் அதை யாரும் வாசிக்கவில்லை. பெரும்பாலான நாள் பன்னிரண்டு வினாடி, நடுநடுவே சில நாள் இருபத்து நான்கு. இது ஏன் மாறுகிறது என்றார். மிஷின் பழசு, அம்மா என்றேன் நான்.

"இல்ல, பெரிம்மா," என்றாள் ஷமாரி.

மிஷினைத் திருப்பி அடியில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினாள். ஒரு பக்கம் தள்ளினால் இரண்டாவது மணியில் எடுக்கும், மறு பக்கம் தள்ளினால் நான்காவதில்.

"அன்னிக்கு அம்மாவ பார்க்கப் போனப்போ சொல்லி வெச்சேன். நல்ல நாள்னா ரெண்டு மணி. கெட்ட நாள்னா நாலு மணி. அம்மா அங்க எண்ணுவாங்க."

நீதிபதி பட்டியலில் விரலை வைத்து, மார்ச் நான்காம் தேதி என்றார். இருபத்து நான்கு வினாடி. அன்று என்ன என்று கேட்டார். பள்ளியில் ஒருத்தி, உன் அம்மா திருடி என்று சொன்னாள் என்றாள் ஷமாரி. என்னிடம் சொல்லவில்லை அவள். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் டேப்பைப் போடச் சொன்னார். ஷமாரி தேதி பார்த்து எடுத்துப் போட்டு, அந்த நாள் வரை ஓட்டினாள். மிஷின் கீச்சென்றது, இயந்திரம் பேசி நிறுத்தியது.

"நேத்துநாலுமணிஅடிச்சுதேயாருடீஅழவெச்சா."

ஓகில்பி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். இன்னும் நான்கு கெட்ட நாட்களைச் சரிபார்த்தார், நான்குக்கும் மறுநாள் டேப்பில் பதில் இருந்தது. பிறகு போதும் என்றார். க்ளிஃப்டன் தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார், அந்த ஆள் மறுத்தார், க்ளிஃப்டன் மறுபடியும் சொன்னார். மனுவைத் திரும்பப் பெறுவதாக வக்கீல் எழுந்து நின்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் நீதிபதி என்னைப் போகவிடவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள் என்றார். "ஒரு பொண்ணு வளர்றதுக்கு மூணு செகண்ட் போதாதும்மா. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வாய் விட்டு பேசணும். எப்படி பண்ணுவீங்களோ, பண்ணுங்க. ஆறு மாசம் கழிச்சு இதே பட்டியல மறுபடி பார்ப்பேன்."

நியாயம்தான். ஆனால் கோபம் வந்தது. எப்படிப் பண்ணுவேன்? வாரம் இரண்டு தரம் என்றால் மாசத்தில் பதினாறு மணி நேரக் கூலி. வாசலில் க்ளிஃப்டன் என்னிடம் வந்து, ஃபோன் செலவைத் தான் கட்டுகிறேன் என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. ஆனால் இன்றைக்கு அவர் கட்டி, நாளைக்கு மனம் மாறினால் நான் எங்கே போய் நிற்பேன்? அந்த விலைக்கு ஒருவர் கட்டினால் என்ன, இன்னொருவர் கட்டினால் என்ன, விலையைத்தான் உடைக்க வேண்டும். எனக்கு ஒரு யோசனை இருந்தது. வண்டிதான் இல்லை.

"காசு வேண்டாம் க்ளிஃப்டன். நாளைக்கு லீவு போட்டுட்டு எனக்கு வண்டி ஓட்டுங்க."

சிறையில் அந்தப் பார்வையாளர் வரிசையில் கேட்டது இன்னொன்றும் உண்டு. சிறை இருக்கிற ஊருக்குள்ளேயே பேசினால் அது உள்ளூர் அழைப்பு, கட்டணம் மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஊரில் ஒரு ஃபோன் நம்பர் வாங்கி, அதில் வருவதை மொபீலுக்குத் திருப்பிவிட்டால் போதும். ஆனால் லைன் இருக்க அங்கே ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் டோவி என்ற பெண்ணின் முடி அலங்காரக் கடையில் இருக்கிறது என்று சொன்னார்கள்.

நான்கு மணி நேரமும் க்ளிஃப்டன் பாதுகாப்பாக, மெதுவாக, எரிச்சல் வரும்படி ஓட்டினார். டோவியின் கடையில் நுழைந்தபோது அவள் ஒருத்தியின் தலையில் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னறைச் சுவரில் பதினோரு ஃபோன் வரிசையாக மாட்டியிருந்தது, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டில் ஒரு பெண்ணின் பெயர், ஒரு ஊரின் பெயர். க்ளிஃப்டன் தயங்கிக்கொண்டே, இது சட்டத்துக்கு உட்பட்டதா என்று கேட்டார்.

டோவி சாயத் தூரிகையை அவர் பக்கம் நீட்டினாள். "எங்க ஊர்ல ஃபோன் வெச்சுக்கறது தப்புன்னா, தம்பி, முதல்ல எங்க மேயரத்தான் புடிக்கணும்."

மாதா மாதம் லைன் வாடகையும், வாரம் ஒரு முறை அவள் ஃபோனைத் தூசி தட்டுவதற்கு நான் செய்து அனுப்பும் ஒரு டப்பா பீக்கன் கொட்டை மிட்டாயும் என்று பேசி முடித்தோம். பன்னிரண்டாவது ஆணியை க்ளிஃப்டன்தான் அடித்தார். இரண்டு அடியில் விரலை நசுக்கிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். சீட்டில் என் பெயரை எழுதப் போனேன், பிறகு ஷமாரி என்று எழுதினேன்.

புது நம்பரைச் சிறைப் பட்டியலில் ஏற்ற பத்து நாள் ஆயிற்று. அலுவலகத்துக்குத் தினமும் ஃபோன் செய்து உயிரை எடுத்தேன். கடைசியில், இனிமேல் கூப்பிடாதீர்கள், ஏற்றியாகிவிட்டது என்று அங்கே இருந்தவளே சொன்னாள்.

முதல் அழைப்புக்கு நான் வேலையில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அடுப்பில் சிவப்பு பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. ஆறு பத்துக்கு மணி அடித்தது. மிஷினைக் கழற்றி வைத்திருந்தேன். முதல் மணியிலேயே நான்தான் எடுத்தேன். இயந்திரக் குரல் பேசியது, லவெர்னின் மூன்று வினாடி வந்தது, என்னவோ அவசரமாகச் சொன்னாள். கட்டணத்தை ஏற்கிறீர்களா என்று இயந்திரம் கேட்டது. பதினான்கு மாதமாக அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துப் பயந்தவள் நான். ஓங்கி அமுக்கினேன். ஸ்பீக்கரைப் போட்டு, ஷமாரியை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ஷமாரிகண்ணுசாப்டியாபடிச்சியாபெரிம்மாபேச்சகேட்டியா," என்றாள் லவெர்ன் ஒரே மூச்சில்.

"சாப்டேன்படிச்சேன்கேட்டேன்," என்றாள் ஷமாரி.

அவ்வளவுதான். இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. மூன்று வினாடிக்கு மேல் பேசுவது எப்படி என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது. இன்னொரு கோடு. லைனில் ஒரு சத்தமும் இல்லை. பேசுங்கடி, காசு ஓடுது என்று கத்த என் நாக்கு துடித்தது. கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு பீன்ஸைக் கிளறினேன். ஓடட்டும். நான் அடித்துப் பிடித்து வாங்கிய நிமிஷம், அவர்கள் இஷ்டம்.

ஷமாரி ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "மூச்சு விட்டுக்கோங்கம்மா. கட்டாகாது."

அந்தப் பக்கத்திலிருந்து என் தங்கை மூச்சு விட்டாள். நீளமாக, நடுவில் உடைந்து, மறுபடியும் இழுத்து விட்டாள். மூன்று வினாடியில் அதற்கு இடமே இருந்ததில்லை. பதினான்கு மாதத்தில் அவள் மூச்சு விடுவதை அன்றைக்குத்தான் நாங்கள் கேட்டோம். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.